கதவுப் பக்கத்து மூட்டை

“என்னைய ஏமாத்தி ஒரு சரக்கத் தலையில கட்டுத வியாபாரி இன்னும் பொறக்கல. அப்படியே பொறந்தாலும் அவன் தூத்துக்குடி ஹார்பர் பக்கம் வரமாட்டான். கொச்சிக்குத்தான் போவான்.”

ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஆலயத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில், ஒரு காலில் மட்டும் சாக்ஸ் மாட்டியபடி கிருபாநிதி இதை அறிவித்தார். அவர் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த மனைவி ஜெபகனியும் மகள் ஜெப்ஸியும் சிரிக்கவில்லை. கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீசில் இருபத்தைந்து வருடமாக மேனேஜராக இருக்கிறவர் சொன்னால் அது தகவல். தகவலுக்குச் சிரிக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

“இப்ப எதுக்குங்க அது?” என்றாள் ஜெபகனி. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். “இன்னொரு சாக்ஸ் உங்க தோள்ல கெடக்கு.”

“எதுக்கா? நாளைக்கு சாயந்திரத்துக்குள்ள மொதத் தவணையக் கட்டுன்னு சொல்லுதான்லா அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்காரன், அதுக்கு.”

கண்ணாடிக் கட்டடம் என்பது சென்னைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகம். அதற்கு நீளமான, கம்பீரமான பெயர் ஒன்று உண்டு. ஆனால் அதன் விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் வெயிலில் மினுங்கிய கட்டடத்தைப் பார்த்த நாளிலிருந்து இந்த வீட்டில் அதற்கு இந்தப் பெயர்தான். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய ஜெப்ஸிக்கு அங்கே கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில் இடம் கிடைத்ததும், அந்தச் சந்தோஷத்தில் ஜெபகனி கேசரி கிண்டியதும், நான்கு வருடச் செலவைக் கேட்ட பிறகு அந்தக் கேசரி யார் தொண்டையிலும் இறங்காமல் போனதும் விடாமல் படித்து வருகிறவர்களுக்கு நினைவிருக்கும். ஹாஸ்டலோடு சேர்த்து இருபது லட்சம். திருநெல்வேலி போகிற வழியில் உள்ள புதுக்கோட்டையில் மெயின் ரோட்டை ஒட்டி வாங்கிப் போட்டிருந்த ஐந்து சென்ட் நிலத்தை விற்றால்தான் முடியும். அது வேண்டாமென்றால் பாளையங்கோட்டையில் ஒரு பழைய கல்லூரி. தினம் பஸ்ஸில் போய் வரலாம். செலவு அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

ஜெப்ஸிக்குக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போக ஆசைதான். அந்த ஆசையின் காலைக் கட்டிக்கொண்டு ஒரு கேள்வியும் கிடந்தது. நிலம் போகும், சரி. நான்கு வருடம் கழித்து அது சம்பளமாகத் திரும்பி வருமா? வராவிட்டால் அப்பா ஒரு வார்த்தை சொல்லமாட்டார். ஆனால் திருநெல்வேலிக்குப் போகும்போதெல்லாம் புதுக்கோட்டை வந்ததும் பஸ் ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்குத்தான் அவள் பயந்தாள்.

“படிச்சு முடிச்சவங்களுக்கு சராசரி சம்பளம் வருஷத்துக்கு எட்டு லட்சம்னு போட்டிருக்காங்கப்பா.”

“போடுவான். நீ முந்திரிக்கொட்டை கன்டெய்னரத் தெறந்து பாத்திருக்கியாளா?”

பார்த்ததில்லை. ஆனால் கேட்டிருந்தாள், பால்குடி மறந்த காலத்திலிருந்து. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இறங்கும் கொட்டையில், கன்டெய்னர் கதவைத் திறந்ததும் கைக்கு எட்டுகிற மூட்டை எப்போதும் அருமையாக இருக்கும். அனுப்புகிறவன் அப்படித்தான் அடுக்குவான். விவரம் தெரிந்தவன் அதைப் பார்த்து மயங்கமாட்டான். கதவுப் பக்கம் ஒரு மூட்டை, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று இறக்கி, ஒவ்வொன்றிலும் கைப்பிடி எடுத்து, கொட்டை கொட்டையாக அறுத்துப் பார்ப்பான். நல்ல பருப்பு எவ்வளவு, புள்ளி விழுந்தது எவ்வளவு, உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் விலையைப் பற்றியே வாயைத் திறப்பான்.

“எட்டு லட்சங்கிறது கதவுப் பக்கத்து மூட்டை. அங்க படிச்சவங்கள்ல மூணு பேர அறுத்துப் பாத்தாப் போதும். உள்ள என்ன இருக்குன்னு சொல்லிருவேன்.”

“மூணு பேர எங்கன போயி அறுக்க?” என்றாள் ஜெபகனி.

“நம்ம விஜயராஜ் மவன் ஜெஃப்ரி அங்கதான படிச்சான்? பண்டிகைக்கு மெட்ராஸ்ல இருந்து வந்திருக்கான். ஆள எடை போடுததுக்கு எனக்கு யாரு சொல்லித் தரணும்? போன வருஷம் ஆபீசுக்கு ஒரு இன்ஜினியரையே எவ்வளவு சல்லிசா எடுத்தேன், ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. அன்னைக்கு அந்தச் சந்தோஷத்துல மக்ரூன் வாங்கிட்டு வந்திய.”

ஜெபகனி பின்வாசல் மரத்திலிருந்து பறித்த எலுமிச்சம்பழங்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அன்று ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை. அவரவர் வீட்டில் விளைந்ததில் கொஞ்சம் காணிக்கையாகப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதெல்லாம் ஏலத்துக்கு வரும். ஒரு தேங்காய் நானூறுக்குப் போகும். ஒற்றை எலுமிச்சம்பழம் ஆயிரத்தைத் தாண்டும். பக்தி பாதி விலையை ஏற்றும்; பக்கத்தில் நிற்கிறவன் மீதியை ஏற்றுவான்.

“அஞ்சு ரூபா எலுமிச்சம்பழத்த அடுத்தவன் பாக்கானேன்னு ஆயிரத்துக்கு எடுக்குத கோட்டிக்காரப் பயலுவ!” என்றார் கிருபாநிதி. “கேட்டா, பிள்ள பேருக்கு எடுத்தேன்னு சொல்லுவானுவ. இத்தன வருஷமா பண்டிகைக்குப் போறேன். இந்தக் கை ஒரு தடவ மேல போயிருக்கா?”

கையை உயர்த்திக் காட்டினார். அதில் சாக்ஸ் இருந்தது.

*

ஆலய வளாகத்துப் பந்தலில் மைக் ஃபிராங்க்ளின் கையில் இருந்தது. வார நாட்களில் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் “அடுத்த ஆள்” என்பதைத் தவிர வேறு எதுவும் பேசாத மனிதர். ஏலத்தன்று மட்டும் அவருக்கு வேறு தொண்டை.

“உப்பளத்துல இருந்து நேரா வந்த உப்பு மூட்ட! கண்ணுல ஒத்திக்கலாம்! எரியும், ஆனா ஒத்திக்கலாம்! அறுநூறு… எழுநூறு…”

உப்பு போனது. சேவல் போனது, போகும்போது ஒருவரைக் கொத்திவிட்டுப் போனது. பிறகு ஒரு பூசணிக்காய் வந்தது. சாதாரணப் பூசணிக்காய்தான், அதுவும் ஒரு பக்கம் சப்பை.

“ஆயிரம்,” என்றது ஒரு குரல்.

“ரெண்டாயிரம்,” என்றது இன்னொன்று.

“அஞ்சாயிரம்!”

பந்தல் மொத்தமும் திரும்பியது. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையும் பெரிய கைக்கடிகாரமுமாக ஜெஃப்ரி கையைத் தூக்கி நின்றான். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

கிருபாநிதி மகளின் தோளைத் தட்டினார். காலையில் யாரைக் கோட்டிக்காரன், கிறுக்கன் என்று திட்டினாரோ, அதே வேலையைச் செய்தவனை இப்போது ஸ்கேனர் போலப் பார்த்தார்.

“பாத்தியா? யோசிச்சானா? இல்ல. அப்பன் முகத்தப் பாத்தானா? இல்ல. மாசம் எண்பதாயிரத்துக்குக் கொறச்சலா வாங்குதவன் கை பூசணிக்காய்க்கு இப்படி மேல போவாது.”

“நீங்க இன்னும் அவங்கள்ட்ட கேக்கவே இல்லையேப்பா.”

“கேட்டா எவன் உண்மையச் சொல்லுவான்? பொண்ணு வீட்டுக்கு ஒரு சம்பளம், வரி ஆபீசுக்கு ஒரு சம்பளம், கடன் கேக்குத மச்சானுக்கு ஒரு சம்பளம். ஏலத்துலதாம்ளா மனுஷன் வெளிய வாரான். அறுத்தாச்சு. நல்ல பருப்பு.”

அதோடு நிற்கவில்லை. போனை எடுத்து, நிலத்துக்கு ஆள் பிடித்துத் தரும் செந்தூர்வேலைக் கூப்பிட்டார். “தம்பி, அந்தப் புதுக்கோட்டை பார்ட்டிய நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாரும். அட்வான்ஸோட வரச் சொல்லும்.”

ஜெப்ஸிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் ஒரு சப்பைப் பூசணிக்காயையும் ஐந்து சென்ட் நிலத்தையும் மாறி மாறி நினைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றை நம்பி இன்னொன்று போகிறது. மூன்று மூட்டை என்றாரே அப்பா? ஒன்றோடு எப்படி முடிந்தது? அதுவும் இது கதவுப் பக்கத்து மூட்டைதானே?

*

அசனச் சாப்பாட்டு வரிசை பந்தலைச் சுற்றி வளைந்து நின்றது. கறிக்குழம்பு வாசனை எல்லோருடைய பக்தியையும் சோதித்தது. ஜெஃப்ரி பூசணிக்காயை இடுப்பில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றான்.

“அண்ணே, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது.”

“பூசணிக்காதான? எடுத்துக்கோ. இடுப்பு விட்டுப் போச்சு.”

“உங்க சம்பளம் எவ்வளவுண்ணே?”

ஜெஃப்ரி அவளைப் பார்த்தான். பிறகு வேப்பமரத்தடியைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“அங்கன பச்சப் பட்டு கட்டிட்டு ஒரு அம்மா உக்காந்திருக்காங்கல்லா, சாத்தான்குளத்துக்காரங்க. எனக்குப் பாத்திருக்குத பொண்ணோட அம்மா. அவங்க பாக்கும்போது ஒரு தடவயாவது கையத் தூக்குலேன்னு அப்பா சொல்லிட்டாரு. எந்தப் பொருளுக்குன்னு சொல்லல. பூசணிக்காயில போயி மாட்டிக்கிட்டேன். காசு அப்பாதான் கட்டணும். அடுத்த பண்டிகைக்குள்ள கட்டுனாப் போதும்.”

“அப்ப சம்பளம்?”

“முப்பத்தொண்ணு. வாடகை, சாப்பாடு போக, படிப்புக் கடனுக்குப் பத்து போவுது. சத்தம் போட்டுச் சொல்லிராதளா. அவங்கள்ட்ட அறுபதுன்னு சொல்லிருக்கு.”

ஜெப்ஸிக்கு அதிர்ச்சியாக இல்லை. பூட்டிய பெட்டியின் மூடி லேசாகத் தூக்கிக்கொண்டது போல இருந்தது. “அப்ப அந்த எட்டு லட்சம் பொய்யாண்ணே?”

“பொய் இல்ல. அதாம் விசேஷம். எங்க செட்டுல ஒருத்தன் நாப்பது லட்சத்துக்குப் போனான். இப்பவும் காலேஜ் பஸ் பின்னாடி அவன் படம் ஒட்டியிருக்கும். பாவம், மழையில நனைஞ்சிட்டே ஊர் ஊராப் போறான். அவனையும் என்னையும் கூட்டி வகுத்துப் பாரு, நானும் பணக்காரன்தான். வேலை கெடைக்காதவங்க அந்தக் கணக்குலயே கெடையாது. கூட்டும்போதும் இல்ல, வகுக்கும்போதும் இல்ல.”

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. பூசணிக்காய் இடுப்பு மாறியது.

“அப்ப அங்க சேரக் கூடாதுன்னு சொல்லுதியளா?”

ஜெஃப்ரி காயை மறுபடி பழைய இடுப்புக்கு மாற்றினான். “அப்படியும் சொல்ல வரல. ரெண்டு நல்ல வாத்தியாருங்க இருந்தாங்க. மூணாவது வருஷத்துலதான் படிக்குததுன்னா என்னன்னே எனக்கு வெளங்குச்சு. இங்கனயே இருந்திருந்தா வெளங்கியிருக்குமா? இருக்கலாம். தெரியாது. அதுக்கு எவ்வளவு போடணும்னு எனக்குத் தெரியலளா. ஆனா எங்கப்பா இன்னைக்கும் வட்டி கட்டுதாரு. அது மட்டும் தெரியும்.”

“எங்கப்பாவுக்கு மூணு பேர் வேணும். நீங்க நடு மூட்டை.”

“என்னது?”

“அது பெரிய கதை. கடைசி மூட்டைக்கு யாராவது இருக்காங்களா? அங்க படிச்சு, நல்லா வராதவங்க?”

“நல்லா வராதவங்கன்னு சொல்ல முடியாது. டயானான்னு ஒருத்தி, என்னைய விட மார்க். மெட்ராஸ்ல நல்ல வேலையும் கெடச்சுது. அவ அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துட்டுன்னு விட்டுட்டு வந்தா. இப்ப இங்கனதான் ஒரு கிளியரிங் ஆபீஸ்ல இருக்கா. என்னத்தக் குடுக்கானோ அந்த மகராசன்.” சொல்லிவிட்டு ஜெஃப்ரி நாக்கைக் கடித்துக்கொண்டான். “ஐயையோ. உங்கப்பா ஆபீஸ்தாம்ளா அது.”

*

கிருபாநிதி இலையில் கறிக்குழம்புக்கு அணை கட்டிக்கொண்டிருந்தார். ஜெப்ஸி பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே ஜெபகனி ரசவாளியோடு நின்றாள். பண்டிகையன்று டீச்சர்கள் எல்லோரும் பரிமாறுகிற கட்சி.

“ஜெஃப்ரி அண்ணனுக்கு முப்பத்தொண்ணுதானாம்ப்பா. பூசணிக்காய்க்கு அவிய அப்பா காசு கட்டணுமாம். காலேஜ் பஸ் பின்னாடி படம் ஒட்டியிருக்குத ஒருத்தருக்குத்தான் நாப்பது லட்சமாம்.”

அணை உடைந்து குழம்பு அப்பளத்துக்குப் போனது. ஆனால் இருபத்தைந்து வருட மேனேஜர் அவ்வளவு சீக்கிரம் விழமாட்டார். “சரி. அவன நடு மூட்டையில போடு. இன்னும் ஒண்ணு இருக்குல்லா.”

“அதுவும் கெடச்சுட்டு. டயானா அக்கா.”

“எந்த டயானா?”

“உங்க ஆபீஸ் டயானா அக்காதான். அவங்களும் கண்ணாடிக் கட்டடத்துலதான் படிச்சாங்களாம்.”

உருண்டை பிடித்த சோறு விரல்களிலேயே நின்றது.

“அங்கயா படிச்சா அவ?”

“எடுக்கும்போது பாக்கலையாப்பா?”

“இன்ஜினியரிங்னு இருந்துச்சு. எந்தக் காலேஜா இருந்தா நமக்கென்னன்னு விட்டுட்டேன்.”

“அவங்க எவ்வளவு கேட்டாங்க?”

“இருபத்தஞ்சு.”

“நீங்க?”

“பதினாறு.” கிருபாநிதி வழக்கமான குரலில் விளக்க ஆரம்பித்தார். “அவ அப்பாவ விட்டுட்டு வேற ஊருக்குப் போவ முடியாதுன்னு பேச்சுலயே தெரிஞ்சு போச்சு. இங்கனயே கெடக்க வேண்டியவளுக்கு எதுக்குக் கூடக்…” குரல் நடுவழியில் இறங்கிவிட்டது. வாக்கியம் மட்டும் தனியாக நின்றது.

ஜெபகனி ரசத்தை ஊற்றினாள். “அன்னைக்குத்தான் மக்ரூன்,” என்றாள்.

ஜெப்ஸிக்குக் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “அவங்க நல்ல பருப்பா, பொக்காப்பா?”

“பொக்கா? ஆபீஸ்லயே தப்பில்லாம பேப்பர் ரெடி பண்ணுதவ அவ ஒருத்திதான். போன மாசம் அவ மட்டும் பாக்கலன்னா ஒரு கப்பல் சரக்கே அபராதத்துல நின்னிருக்கும்.”

“அப்ப பதினாறுங்கிறத வச்சு அந்தக் காலேஜப் பத்தி என்ன சொல்ல? அந்த வெலைய அவங்க போடலையே. நீங்கல்லா போட்டிருக்கிய.”

கிருபாநிதி ரசத்தைப் பார்த்தார். மூன்று மூட்டையும் அறுத்தாகிவிட்டது. ஒன்று நாற்பது லட்சத்துக்கு விற்று பஸ்ஸின் முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒன்று முப்பத்தொன்றில் நின்றுகொண்டு அறுபது என்று சொல்கிறது. இன்னொன்றுக்கு விலை போட்டதே இவர் கை. காலையில் சொன்னபடி இப்போது முடிவைச் சொல்ல வேண்டும்.

கையைக் கழுவிவிட்டு வந்து செந்தூர்வேலைக் கூப்பிட்டார். “தம்பி, நாளைக்கு அந்தப் பார்ட்டியக் கூட்டிட்டு வர வேண்டாம். இல்ல, வாரும். இல்ல… நானே கூப்பிடுதேன்.” பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒற்றை விரலால் டயானாவுக்கு ஒரு செய்தி தட்டினார்: நாளை காலை முதல் வேலையாக என் ரூமுக்கு வாம்மா.

பதில் உடனே வந்தது: சார், ஏதும் தப்பாகிவிட்டதா?

அவர் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெப்ஸியும் எட்டிப் பார்த்தாள்.

“அவங்கள்ட்ட என்னப்பா கேக்கப் போறிய? என்னைய அங்க சேக்கலாமான்னா?”

“தெரியல.”

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து ஜெப்ஸி கேட்டதில்லை. புதிதாக வந்திறங்கிய சரக்கைப் போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நீ என்னளா நெனைக்க?” என்றார் அவர் திடீரென்று. ஒரு வாரமாக யாரும் அவளிடம் கேட்காத கேள்வி.

“நானும் டயானா அக்காட்ட பேசணும்ப்பா. சம்பளம் கேக்க இல்ல. அங்க நாலு வருஷம் எப்படி இருந்துச்சு, திருப்பியும் போவாங்களான்னு கேக்கணும். நாளைக்கு நானும் ஆபீசுக்கு வரட்டா?”

கிருபாநிதி ஷூவைத் தேடுகிறவர் போல எழுந்து போனார்.

*

“கடைசிப் பொருள்!” ஃபிராங்க்ளினின் தொண்டை தேய்ந்திருந்தது. “ஒத்த எலுமிச்சம்பழம்! இந்த வருஷம் மேல படிக்கப் போற பிள்ளைகளுக்காக சபை ஐயர் ஜெபிச்சுக் குடுத்தது! நூறு… இருநூறு…”

ஜெபகனி தலையைத் தூக்கிப் பார்த்தாள். “காம்புல ரெண்டு இல. நம்ம வீட்டு மரத்துப் பழம்ளா.”

விஜயராஜ் பச்சைப் பட்டின் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு எண்ணூறு என்றார். யாரோ ஆயிரம் என்றார்கள். விஜயராஜ் ஆயிரத்து இருநூறு என்றார், கொஞ்சம் வேர்வையோடு.

அப்போது ஃபிராங்க்ளினின் பார்வை பந்தலின் கடைசித் தூணுக்குப் போய் அங்கேயே நின்றது. வாய் திறந்தபடி இருந்தது.

“அண்ணாச்சி,” என்றார் கடைசியில், மைக்கில். “ஈ வெரட்டுதியளா, ஏலம் கேக்குதியளா?”

எல்லோரும் திரும்பினார்கள். தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் தெரிந்தது. அந்தக் கையை ஜெப்ஸிக்குத் தெரியும். காலையில் அதில் சாக்ஸ் இருந்தது. கை இறங்கியது. ஒரு நொடி யோசித்தது. இரண்டு விரலை நீட்டிக்கொண்டு மறுபடி மேலே போனது.

“ரெண்டாயிரம்! ரெண்டாயிரம் ஒரு தரம்!”

விஜயராஜ் மனதார விட்டுக்கொடுத்தார்.

ஜெபகனி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். கிருபாநிதி யார் முகத்தையும் பார்க்காமல் பந்தலின் ஓரமாகவே நடந்து மேசைக்கு வந்தார். பழத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது நெஞ்சில் புடைத்துக்கொண்டு நின்றது. ஃபிராங்க்ளின் யார் பேருக்கு என்று கேட்டார். கிருபாநிதி குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார்.

“ஜெப்ஸி… சரி.” ஃபிராங்க்ளின் நிமிர்ந்தார். “அது யாரு அண்ணாச்சி இன்னொரு பேரு, டயானா? ஒரு பழத்துக்கு ரெண்டு பிள்ள பேரா?”

பந்தல் முழுக்கக் கேட்டது.

“மைக்க அமத்துலே மொதல்ல,” என்றார் கிருபாநிதி.